விளிம்பு

குணரெட்ணத்தின் துவக்கைக் கொண்டுவந்து போட்டார்கள்.
கிழிந்த சாரமொன்றை மேசையில் விரித்து, அதன்மேல் கிடத்தினேன்.
உட்துறைமுக வீதியின் உப்புக்காற்று
போல்ட்டின் பிடியில் அதற்குள்ளேயே ஒரு துருப்பொட்டு வைத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் பீரிஸுக்கு ஒரு வரி வேண்டும்.
‘ஏன் வெடிக்கவில்லை’ என்ற கட்டத்துக்குள்
அடங்குகிற ஒரு வரி.

சுருளைப் பார்த்தேன்.
பெருவிரலால் தட்டை அமுக்க
கோபித்த பூனைபோல முதுகை உயர்த்தி வந்தது.
பெட்டியின் உதடுகளைப் பார்த்தேன்.
ரவையைத் துள்ளவிடாமல் பிடித்து,
முன்னே தள்ளினால் மட்டும் விடுகிற உதடுகள்.
மயிரளவு விரிந்தாலும்
ரவை மூக்கை நிமிர்த்திக்கொண்டு முட்டும்.
விரியவில்லை.

மருந்தில்லா ரவை ஐந்து போட்டு
இழுத்தேன், தள்ளினேன்.
ஒவ்வொன்றும் சரிவில் ஏறி
இருட்டறைக்குள் தலை நுழைத்தது;
நகம் விளிம்பைக் கவ்வியது.
ஐந்தும் போய், ஐந்தும் வந்து விழுந்தன.
இருபது தரம்.
ஜன்னலுக்கு வெளியே கோட்டை மானொன்று
வாழைத்தோலை மெல்வதை நிறுத்தி
இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது.

துவக்கில் பிழையில்லை.

த்ரீ நொட் த்ரீ ரவைக்குக் காலில் ஒரு விளிம்பு உண்டு.
மேலே கிடப்பதன் விளிம்பு
கீழே கிடப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்கவேண்டும்.
பின்னால் விழுந்தால்,
போகிறவன் வேட்டியில் இருக்கிறவன் கால் வைத்ததுபோல்
இரண்டும் பூட்டிக்கொள்ளும்.
கடைசியாக ஏறியதே முதலில் இறங்கும்,
மூதூர் லாஞ்சியில் வாசலோரம் நிற்கிறவனைப்போல.
ஆகவே கடைசி ரவையை வைக்கிற விரல்தான்
முதல் வெடியைத் தீர்மானிக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்பு நான் பார்த்ததை
இப்போதுதான் சொல்கிறேன்.
வந்தபோது போல்ட் பாதிவழியில் நின்றது.
கீழ் நான்கு ரவையும் ஒழுங்காய்,
ஒன்றின் முன் ஒன்றாய்.
மேலே கிடந்தது மட்டும்
ஒரு நெல்மணி அளவு பின்னால்.

கண்ணைக் கட்டிவிட்டாலும் பிசகாமல் நிரப்புவான் குணரெட்ணம்.
பயிற்சிப் பதிவேட்டில் தொண்ணூற்றாறு.
அன்று ஜெட்டியில்
மறியல்காரரின் முன்வரிசையில் யார் நின்றார்கள் என்று எழுத
என் படிவத்தில் இடமில்லை.
நான் கேட்கவுமில்லை.

எழுதினேன்:
‘சுருள் தளர்ச்சி. புதிது மாற்றப்பட்டது.’

களஞ்சியத்தில் ஒரு சுருள் குறைந்தது, கணக்குச் சரி.
பழையது என் சட்டைப்பையில்.
பஸ்ஸில் நிற்கும்போது அமுக்கிப் பார்க்கிறேன்.
எழுந்து எழுந்து வருகிறது.