இரண்டரைக் கிலோ

கடைக்குக் கேமராவைக் கொண்டுபோகவில்லை.
தோர்ஷவ்னில் அன்று மழை
படுக்கைவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
லென்ஸோடு அதன் எடை இரண்டரைக் கிலோ.
அதே எடைக்கு உருளைக்கிழங்கை நிறுத்துத்
துணிப்பையில் எடுத்துப் போனேன்.

ரோக்வி பைக்குள் எட்டிப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் கார்பன் முக்காலி.
ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினார்.
வாசலில் வைக்கச் சொன்னேன்.
காற்று தொட்டதும் கால்கள் முனகின.
அடியில் கல் கட்டித் தொங்கவிடலாம் என்றார்.
கல்லையும் நானே சுமப்பதென்றால்
லேசு எதற்கு?

அலுமினியம், மூன்றே மடிப்பு,
நடுத்தண்டு வேண்டவே வேண்டாம் என்றேன்.
அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.
நான் பிடித்ததற்கும்தான்.
அதில் அரைமணி போயிற்று.

பிறகு தலைகள்.
கண்ணாடிப் பெட்டிக்குள்
கழுத்தில்லாத பந்துத் தலைகள்.
பையை முன்பக்கம் தொங்கும்படி கட்டித்
திருகை இறுக்கினேன்.
அலமாரி விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு.

முதல் தலை
கையை எடுத்ததுமே மயிரிழை தாழ்ந்தது.
இரண்டாவது,
கூட்டத்தில் ஆமாம் ஆமாம் என்றுவிட்டு
வெளியே போய்த் தன் இஷ்டத்துக்குச் சாய்கிற ரகம்.
"ஒரு மில்லிமீட்டர்தானே" என்றார் ரோக்வி.

ஒரு மில்லிமீட்டர் என்பது
ஸ்கூவோய்த் தீவின் செங்குத்துப் பாறையில்
ஒரு விளிம்பு.
ஒரு விளிம்பில் நாற்பது கடற்பறவைகள்,
கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு,
தோளோடு தோள்,
பாதத்தின்மேல் ஒரே ஒரு முட்டை.
ஜூனில் பத்து நாள்
எதிர்ப்பாறையிலிருந்து வரிசையாகப் படமெடுத்துக்
குளிர்காலம் முழுக்க மேசையில் எண்ணுகிறவள் நான்.
தலை சரிந்தால்
கீழ் விளிம்பு இரண்டு படத்தில் விழும்.
மேல் விளிம்பு எதிலும் விழாது.

போன வருஷ அறிக்கையில்
பறவைகள் கூடியிருக்கின்றன என்று எழுதினேன்.
கூடியது பறவையா
தளர்ந்த திருகா?
இதை ரோக்வியிடம் சொல்லவில்லை.
என் மேலாளர் எய்டுனுக்கு அவர் மச்சான்.
இங்கே எல்லாருமே யாருக்காவது மச்சான்.

மூன்றாவது, பழையது.
கோபன்ஹேகனுக்குக் குடிபோன ஒரு கல்யாணப் படக்காரருடையது.
பெயின்ட் உரிந்து, பெருத்து, பார்க்கச் சகிக்காது.
இறுக்கினேன்.
ரோக்வி காபி ஊற்றினார்.
கோப்பைகள் காலியானபோதும்
கிழங்கு கோட்டிலேயே நின்றது.

காலைவிடத் தலைக்கு விலை அதிகம்.
பாதியை மே மாதம் தருகிறேன் என்றேன்.
பொட்டலம் கட்டும்போதுதான் கேட்டார்,
கிழங்கு சொந்தத் தோட்டத்துடையதா என்று.

இரவு அதை வேகவைத்தேன்.
அடுப்பில் பானை கொதிக்கப்
போன ஜூன் படங்களைத் திறந்தேன்.
நாற்பத்தொன்றாம் படத்தின் அடியில்
கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட
ஒரு பறவை.
நாற்பத்திரண்டின் உச்சியிலும்
அதுவே,
கொஞ்சம் தலையைத் திருப்பிக்கொண்டு.