பத்து நாற்பது

கறுப்புத் திரையில் ஒரே வரி:
அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை.
அதன் கீழே ஒரு கோடு
அணைந்து அணைந்து எரிகிறது,
தென்கரையில் நின்று யாரோ
டார்ச்சைக் கையால் மூடித் திறந்து
வள்ளத்தைக் கூப்பிடுகிற மாதிரி.

பதினொரு மணிக்கு
விண்டோஸ் பக்கம் பத்து ஜிபி வெட்டி
லினக்ஸுக்குக் கொடுத்தேன்.
சுவரை ஒரு சாண் தள்ளியது, அவ்வளவுதான்.
ஐந்தாம் வீடு ஆறாம் வீடாகிப்போனது.
தபால்காரனுக்கு யாரும் சொல்லவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்
நண்டுக் கம்பெனிக் கணக்கு இருக்கிறது.
முப்பத்திரண்டு பெண்கள்,
கால் சதை கிலோவுக்கு இவ்வளவு,
கொடுக்குச் சதைக்கு இவ்வளவு,
ஆறு நாள் எடை.
விடிந்தால் சனி.
முத்துராக்கு கவரை வாங்கி
என் முன்னாலேயே எண்ணுவாள்,
ஓடு கீறிய விரலால்,
எச்சில் தொடாமல்.
அவளிடம் போய்
பூட் ஆகவில்லை என்பதை
எந்தத் தமிழில் சொல்ல?

ஆடிக் கச்சான்
கூரைத் தகரத்தைத் தூக்கிப் பார்க்கிறது.
கரண்ட் ஒருதரம் போய் வந்தது.
பேட்டரி நாற்பத்தொன்று.

எல்எஸ் என்று அடித்தேன்.
டிஸ்க் தன் அறைகளைச் சொன்னது.
ஒவ்வொன்றாய்த் தட்டினேன்.
ஒன்று: தெரியாத பாஷை.
இரண்டு: தெரியாத பாஷை.
மூன்றும் அதேதான்.
முப்பத்திரண்டு பேரும் அங்கேதான்
தூங்குகிறார்கள் என்று நம்பிக்கொண்டேன்.
ஆறில் கதவு திறந்து
ஹோம், பூட், வார் என்று
தெரிந்த பெயர்கள் கொட்டின.
வேர் இங்கே என்று எழுதிக் கொடுத்தேன்.
கடைசியில் நார்மல் என்று அடிக்க வேண்டுமாம்.
அடித்தால் நார்மல் ஆகிவிடுமாம்.

ஆனது.
மெனு வந்தது.
விண்டோஸில் விரல் வைத்தேன்.
முழுத் திரையும் நீலம்:
நாற்பத்தெட்டு இலக்கச் சாவி கொடு.

பென்டிரைவ் ஏறவில்லை என்று
சாயங்காலம் செக்யூர் பூட்டை
அணைத்து வைத்தது நான்தான்.
பூட்டை நானே கழற்றிவிட்டு
சாவிக்கு அலைகிறேன்.

காக்கா கொடுத்த லேப்டாப்.
சாவி அவன் கணக்கில், தம்மாமில்.
இங்கே மூன்று நாற்பது.
அங்கே ஒன்று பத்து, ரொட்டிக் கம்பெனியில் இரவு ஷிப்ட்.
"வாப்பாவுக்கு ஏதுமா?"
"இல்லை காக்கா. லேப்டாப்புக்கு."
அவன் மூச்சு விட்டது
மாவு மெஷினுக்கு மேலே கேட்டது.

ஆறாறாய் எட்டுக் கட்டு.
மீன் ஏலத்தில் கூடை எண்ணுவதுபோல
இழுத்து இழுத்து வாசித்தான்.
ஐந்தாம் கட்டில்
ஏழு எனக்கு எட்டாக விழுந்தது.
திரை ஒத்துக்கொள்ளவில்லை.
"திரும்பச் சொல்லு."
சொன்னான். பிறகு சிரித்தான்.
"ரெண்டு கடல் ஊர்க்காரி.
ஒரு சிஸ்டம் காணாதோ உனக்கு?"

கச்சானுக்கு வடகரை, வாடைக்குத் தென்கரை என்று
படகை மாற்றிக் கட்டுகிறவன்
கட்டுக்கயிற்றை வெட்டிவிட்டா போகிறான்
என்று என்னையே திட்டிக்கொள்ள வாயெடுத்தேன்.
அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டான் போல.
போன் செத்தது.

விண்டோஸ் திறந்தது.
சுவரில் நாலு பத்து.
திரையின் மூலையில் பத்து நாற்பது,
வெள்ளிக்கிழமை இரவு.

பழைய சண்டைதான் இது.
லினக்ஸ் கிரீன்விச் மணியை வைத்துவிட்டு எழும்.
விண்டோஸ் அதை மண்டபத்து மணி என்று நம்பும்.
நடுவில் ஐந்தரை மணி நேரம்
யாருக்கும் இல்லாமல் கிடக்கும்.
ஒரு வரியில் திருத்தலாம்.

உடனே திருத்தவில்லை.
பத்து நாற்பது.
சுவரைத் தள்ளப் போகிறவள்
வர இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது.
முதலில் கணக்கைக் காப்பி எடுடி என்று
அவளுக்குச் சொன்னேன்.
நானே எடுத்தேன்.
பென்டிரைவைத் தாவணி முனையில் முடிந்தேன்.

வடகரையில் நண்டு வலை ஏற்றி வந்த
முதல் இன்ஜின் அணைகிற சத்தம்.
தேதியைச் சனிக்கு மாற்றினேன்.
முதல் வரி: முத்துராக்கு,
ஆறு நாள்,
பதினெட்டுக் கிலோ நானூறு.