நீலம்

கப்பல்துறை. இரவு முறை.
மூன்று சுருள், ஒன்றன்மேல் ஒன்று,
மேலே கவிழ்த்த மணிமூடி.
எழுநூறு பாகையில் ஊறிக் கிடந்தது உருக்கு,
உருட்டாலையில் வாங்கிய அடியெல்லாம்
மணிமணியாய் மறந்தபடி.

இனி ஆற வேண்டும்,
அவ்வளவுதான்.

"லொறி வந்து நிக்குது. திற" என்றார் றொட்றிகோ.
முள் முந்நூற்றுப் பத்தில்.
"இன்னும் ஒன்பது மணித்தியாலம் கிடக்கு, சேர்."
"திற, றிபாயா."

திறந்தேன்.
காற்று ஒருதரம்தான் தொட்டது.
விளிம்பில் வைக்கோல் நிறம்,
உள்ளே ஊதா,
பிறகு
விடியற்காலைக் கொட்டியாரக் குடா
அப்படியே சுருண்டு கிடந்தது எங்கள் முன்.
இவ்வளவு வடிவான கழிவை
நான் கண்டதில்லை.

சீட்டில் காரணம் கேட்டிருந்தது.
'அவசரம்' என்று எழுதி
ஒப்பத்துக்கு
அவரிடமே நீட்டினேன்.
பேனை அவர் கையில்
ஆறிக்கொண்டிருந்தது.