விளக்குப் போடாத கடை

முத்தியால்பேட்டை மாடியறையில்
பெர்னதெத்தின் கைபேசி
எங்கள் கடையை வாசிக்கிறது, ஓட்ட வேகத்தில்:
படம் படம் பொத்தான் படம் பொத்தான்.

முப்பத்தொரு உதட்டுச்சாயம்.
ஒன்றுக்கும் பெயரில்லை.
"உங்க கடைல லைட்டே போடலியா?"
என்கிறாள்.

இரவெல்லாம் எழுதினேன்.
செங்கல் சிவப்பு என்றதைத்
தள்ளிவிட்டாள்:
"செங்கல்லத் தொட்டிருக்கேன்.
சொரசொரப்பு. ஒதட்டுல வேணாம்."

வேறென்ன சொல்ல?

"காப்பி டம்ளர்ல ஒட்டுமா,
பீச்சுக் காத்துல காயுமா,
என் கறுப்புக்கு எடுக்குமா,
கல்யாண வீட்டுல எங்கக்கா
பொறாமைப்படுவாளா,
அத எழுது."

ஒவ்வொரு பொத்தானும் வாய் திறக்க
ஒன்பது நாள்.

பிறகு அவள் பில் வந்தது:
சோதனைக் கூலி, ஆறு மணி நேரம்.
அடியில் ஒரு வரி:
பதினேழாம் நம்பர் ஒன்று அனுப்பவும்.
கூலியில் கழிக்க வேண்டாம்.