எடை: 0.3

மாலை நாலேகால். கொக்கோலாவில் இருட்டிவிட்டது.
திரையில் நானூறு புள்ளிகள்
ஒரே வளைகோட்டில் ஒட்டி நிற்கின்றன,
கூழுக்கும் மீசைக்கும் நடுவே
வேலி போட்டதுபோல்.
இடப்பக்கம் போனால் லாபம்.
வலப்பக்கம், கழிவுநீரில் டொலுயீன் குறையும்.
இரண்டும் வேண்டுமென்றால்
கணினி வாய் திறக்காது.

"நடுவில் ஒன்றைத் தொடு" என்கிறான் வெய்கோ
மேலங்கியை மாட்டியபடி.
நடு எது என்று தேடிப் போனால்
நிரலின் எழுபதாம் வரியில்
வளைகுடாவின் எடை: 0.3.

யார் போட்டது?
பெயர் இருக்கிறது: து. ரவுத்தகோஸ்கி.
நான்தான். அக்டோபரில்.
ஐந்து மணிப் பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தில்.

0.4 என்று மாற்றினேன்.
வடிகோபுரம் ஆறு மீட்டர் வளர்ந்தது.
நீராவிச் செலவு ஏறியது.
போட்ட பணம் திரும்ப
இன்னும் மூன்று வருடம் கூடுதல்.

"ஏன் நாலு?" என்பார்கள் திங்கட்கிழமை.
"ஏன் மூன்று?" என்று
இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

சன்னலுக்கு வெளியே, ஆலைக்குழாய் கடலில் முடிகிற இடத்தில்
உறையாத ஒரு துண்டுக் கருநீர்.
பனிக்கட்டி விளிம்பில், விளக்கொளியில்,
யாரோ தூண்டில் போட்டிருக்கிறார்
வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து.

வாளி கவிழ்ந்திருக்கிறதென்றால்
இன்னும் ஒன்றும் சிக்கவில்லை.