பயண அறிக்கை, ஒரு பக்கத்துக்கு மிகாமல்

மாணவர் பேரவைப் பொருளாளர் ஸாஜிதாவுக்கு,
நீ கொடுத்த படிவத்தில்
'மாநாட்டால் அடைந்த பயன்' என்ற கட்டம்
தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது.
அதனால் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

எட்டாயிரம் தந்தீர்கள்.
ஆளுக்கு அறுபது ரூபாய்ச் சந்தாவில் சேர்ந்த பணம்.
அபராதத்தோடு நான் கட்டிய அறுபதும்
அதற்குள் கிடப்பதால்
கொஞ்சம் உரிமையோடும் நிறையக் கூச்சத்தோடும்
செலவழித்தோம்,
நானும் ஆய்வகப் பிரிவு ஜெபசீலியும்.
பெரம்பூரில் அவள் சித்தி வீட்டில் படுத்துக்கொண்டோம்.
சித்தி வைத்த மீன்குழம்புக்கு ரசீது கேட்கவில்லை.

ஆட்டோவுக்குக் கேட்டேன்.
டிரைவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்து
ஹாரன் அடித்தார்.
நானூற்று எண்பது. நம்பு.

அரங்கில் அப்படி ஒரு குளிர்.
மேடையில் எல்லாரும் கழுத்தைப் பற்றித்தான் பேசினார்கள்:
கணினி முன் அமரும் கழுத்து,
செல்போனுக்குக் குனியும் கழுத்து.
எண்பது கிலோ வெங்காயம் ஏறிய கழுத்து
என் போஸ்டரில் மட்டும் இருந்தது,
கழிவறைக்குப் போகும் வழியில்,
எண் நூற்றுப் பதினேழு.

துணியில் அச்சடித்தது, அறுநூற்றைம்பது ரூபாய்.
மாட்டுத்தாவணிச் சந்தையில்
சுமை இறக்கும் நாற்பத்திரண்டு பேர்.
நான்கு மாதம், விடியுமுன்னே போய்
லாரிக்கும் லாரிக்கும் இடையில்
கோணமானி வைத்து அளந்தேன்.
'இடப்பக்கம் திரும்புங்கண்ணே' என்றால்
உடம்போடு திரும்புவார்கள்.
அதுதான் ஆய்வின் முடிவு.
அதைச் சொல்ல நாலு அட்டவணை ஆனது.

இரண்டு நாளில் பதினொரு பேர் நின்றார்கள்.
ஏழு பேர் கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.
ஒரு பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
'ஒப்பீட்டுக் குழு எங்கே?' என்றார்.
அதே வயது, அதே சாப்பாடு, அதே அரைத்தூக்கம்,
ஆனால் சுமை தூக்காத
இன்னொரு நாற்பத்திரண்டு பேர்.
நியாயமான கேள்வி. குறித்துக்கொண்டேன்.
அப்படிப்பட்டவர்களை மாட்டுத்தாவணியில்
எங்கே போய்த் தேட?

சான்றிதழில் என் பெயர்
அழகு நாச்சியப்பன் என்று இருக்கிறது.
திருத்தி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.
நகல் இணைத்திருக்கிறேன்.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஐந்தேகாலுக்கு வந்து விட்டது.
ஜெபசீலி விடுதிக்குப் போனாள்.
நான் போஸ்டர் குழலைத் தோளில் மாட்டிக்கொண்டு
மாட்டுத்தாவணிக்குப் பஸ் ஏறினேன்.
அது என் காசு.

சோனைமுத்து அண்ணன்,
ஆய்வில் பத்தொன்பதாம் எண்,
லாரி ஓரம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.
'எங்க கழுத்த மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போனியே தாயி,
என்னா சொன்னாங்க?'

இரண்டு நாளும் யாரும் இவ்வளவு நேராகக் கேட்கவில்லை.
'ஒப்பீட்டுக் குழு இல்லைன்னாங்கண்ணே.'
தலையாட்டினார். தோளும் சேர்ந்து ஆடியது.
'அது இல்லாமத்தான் வலிக்குதாக்கும்.'

விரித்துக் காட்டச் சொன்னார்கள்.
தக்காளிப் பெட்டிகள்மேல் விரித்தேன்.
முகம் மறைத்த படத்தில்
சட்டைக் கிழிசலை வைத்துத் தன் முதுகைக் கண்டுபிடித்து
ஒருத்தர் சிரித்தார்.
அதற்குள் ஒட்டன்சத்திரம் லாரி பின்னால் வந்து நின்றது.
சோனைமுத்து அண்ணன் துணியைத் தடவிப் பார்த்தார்.
இரண்டாய் மடித்தார், நான்காய் மடித்தார்,
முறுக்கிச் சுற்றி உச்சந்தலையில் வைத்தார்,
அட்டவணைகள் உள்பக்கம் போக.
'மெத்துன்னு இருக்கு தாயி' என்று
மூட்டைக்குக் குனிந்தார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.
கழுத்துப் பயிற்சியை நினைவுபடுத்தியிருக்கலாம்.
கோணமானி பையில்தான் இருந்தது.

ஆகவே ஸாஜிதா,
போஸ்டர் பேரவைச் சொத்து,
திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்ற ஆறாம் விதியை
என்னால் நிறைவேற்ற இயலவில்லை.
இருப்புப் பதிவேட்டில்
'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிக்கொள்.

மீதி நானூற்றுப் பத்து இத்துடன்.
சில்லறையாக இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிடு.

மு. அழகுநாச்சி
இயன்முறை மருத்துவம், மூன்றாமாண்டு