ஆறரை

எங்கள் வீட்டில் முதலில் வந்து ஒட்டிக்கொண்ட சொல்
யுபிக்விட்டஸ்.
குளிர்சாதனப் பெட்டிக் கதவில், மஞ்சள் தாளில்,
அடியில் எனக்கும் தெரிந்த சிரிலிக் எழுத்தில் உச்சரிப்பு.
எங்கும் நிறைந்திருப்பது என்று பொருளாம்.
கடவுளா என்றேன்.
நிலக்கரிப் புகை என்றாள் நொமின்சுல்.

பிறகு கூட்டமாக வந்தன.
கெட்டிலில் மிட்டிகேட், செருப்பு அலமாரியில் அம்பிகுவஸ்,
சன்னல் கண்ணாடியில் எஃபெமரல்:
சட்டென்று மறைவது, எடுத்துக்காட்டு, பனி.
இது உலான்பாத்தர், ஐந்து மாதத்துக்குப் பனி அசையாது,
உன் புத்தகத்தை எழுதியவன் எவனோ வெயிலூர்க்காரன் என்றேன்.
சிரிக்கவில்லை.
ஐம்பது சொல் முடிந்தால்தான் அன்றைக்குச் சிரிப்பு.

நான் அனல் நிலையத்தில் கொதிகலன் பார்ப்பவன்.
இரவெல்லாம் ஊருக்குச் சூடு அனுப்பிவிட்டு
விடியலில் வீடு சேர்வேன்.
அவளோ குழந்தைகள் வார்டு முடித்து வந்து
கோட்டையும் கழற்றாமல்
உப்புத் தேநீர் ஆறிப்போக
எக்ஸாசர்பேட், எக்ஸாசர்பேட் என்று
பல்லிடுக்கில் சிக்கிய இறைச்சி நாரைப் போல
நாக்கால் துழாவிக்கொண்டிருப்பாள்.

டப்ளினில் ஒரு மருத்துவமனை, ஏழு கேட்கிறார்கள்.
ஊசி போட ஏழு எதற்கு?
அங்கே குழந்தை எப்படி அழுதது என்று
எழுதி வைக்க வேண்டுமாம்.

முதல் முறை ஆறரை.
மற்றதெல்லாம் தேறி, எழுத்தில் மட்டும் ஆறரை.
என் ஒரு மாதச் சம்பளம் அந்த அரையில் போனது.
அது எவ்வளவு பெரியதென்று யாரும் காட்டவில்லை,
காட்டியிருந்தால் கையில் வாங்கிப் பார்த்திருப்பேன்.

நினைக்கிறேன், நினைக்கிறேன் என்று
நாலு இடத்தில் எழுதித் தொலைத்தேன்,
அது சின்னப்பிள்ளைச் சொல் என்று
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.
நான் பதிவேட்டில் தினமும் எழுதுவது இரண்டே சொல்,
அழுத்தம் சரி.
இதுவரை ஊர் உறைந்துபோகவில்லை.
இதை அவளிடம் சொல்லவில்லை.

இரண்டாம் தேர்வுக்கு முந்தைய இரவு விடுப்பு எடுத்தேன்.
அட்டைகளை என் கையில் தந்து, நீ வாசி,
நான் பொருள் சொல்கிறேன் என்றாள்.
வாசித்தேன். அவள் வாய் திறக்குமுன்பே
பாதிக்குப் பொருள் எனக்குத் தெரிந்திருந்தது.
சுவரோடு குடியிருந்தால் அப்படித்தான்.

ரிலக்டண்ட் என்றேன்.
மனமில்லாமல், அரைமனதோடு, என்றாள்.
எங்கே, நீயே ஒரு வாக்கியம் சொல்லு.
அடுத்த அட்டையை எடுத்தேன்.

காலையில் இருட்டோடு பேருந்தில் ஏறிப் போனாள்,
பென்சில் இரண்டு, கடவுச்சீட்டு, தொண்டைக்கு மிட்டாய்.
கெட்டில் கொதித்த ஆவியில்
சன்னல் தாள் பசைவிட்டுத் தரையில் கிடந்தது.

வேலைப்பையில் குழாய்க்குச் சுற்றும் நாடா இருந்தது.
இருநூறு பாகை சூடு தாங்கும்.
நாலு மூலையிலும் அழுத்தி
எஃபெமரலை
மறுபடி கண்ணாடியில் ஒட்டினேன்.